தடுப்பூசிக்குப் பின்னரான கடும் இன்ஃபுளுவென்சா

தடுப்பூசிக்குப் பின்னரான கடும் இன்ஃபுளுவென்சா என்பது, இன்ஃபுளுவென்சா தடுப்பூசி இட்டுக்கொண்ட ஒருவருக்கு அதன் பின் அந்நோய் தொற்றி, நுரையீரல் அழற்சி, மூச்சுத்திணறல், குருதியில் உயிர்வளிக் குறைவு போன்ற நிலைகளுக்கு முற்றுவதைக் குறிக்கும். இது தனியொரு நோயன்று. தீநுண்மத்தின் மாற்றம், தடுப்பூசியின் பொருத்தம், நோயாளியின் நோய் எதிர்ப்பாற்றல் முறைமை ஆகிய மூன்றும் சேர்ந்து தோற்றுவிக்கும் ஒரு விளைவு ஆகும். நோய் எதிர்ப்பாற்றல் முறைமை இதில் இரு வகையில் பங்கு கொள்கிறது. தீநுண்மத்தை நேரத்தில் அடக்கத் தவறுவது ஒன்று. தவறிய பின் அளவு மீறிச் செயற்பட்டு நுரையீரலையே சேதப்படுத்துவது மற்றொன்று.

"ஊசி போட்டும் காய்ச்சல் வந்துவிட்டதே" என்னும் பேச்சு தமிழ்நாட்டில் பரவலாகக் கேட்கப்படுவது. அப்பேச்சில் இரு வெவ்வேறு கேள்விகள் கலந்துள்ளன. தடுப்பூசி ஏன் நோயைத் தடுக்கவில்லை என்பது முதற் கேள்வி. தடுப்பூசியே நோயைக் கடுமையாக்கியதா என்பது இரண்டாவது. இவற்றுக்கான விடைகள் வேறு வேறானவை. ஆதலால் இக்கட்டுரையில் அவை தனித்தனியே விளக்கப்படுகின்றன.

மதுரையும் இன்ஃபுளுவென்சா பருவமும்

இன்ஃபுளுவென்சா குளிர்கால நோய் என்று பாடநூல்கள் கூறுவது குளிர்நாடுகளுக்கே பொருந்தும். இந்தியாவில் சிறீநகரில் சனவரி முதல் மார்ச் வரையும், தில்லி, புனே போன்ற நகரங்களில் தென்மேற்குப் பருவமழைக் காலமான சூலை முதல் செப்டம்பர் வரையும் நோய் உச்சமடைகிறது. சென்னையிலும் வேலூரிலும் உச்சம் அக்டோபர், நவம்பர் மாதங்களில், வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வருவதாகக் கண்காணிப்பு ஆய்வுகள் காட்டின. மதுரை நகரும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி ஆகியவற்றைச் சூழ்ந்த சமவெளியும் இதே மழையை நம்பியுள்ள பகுதிகள். ஐப்பசி, கார்த்திகையில் டெங்குக் காய்ச்சலும் இங்கே சேர்ந்து வருவதால், தொடக்க நாட்களில் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிவது எளிதன்று.

2009-ஆம் ஆண்டு எச்1 என்1 பெருந்தொற்றின்போது இந்தியாவின் முதல் நோயாளி மே மாதத்தில் ஐதராபாத்தில் கண்டறியப்பட்டார். முதல் உயிரிழப்பு ஆகத்து மாதம் புனேயில் நேர்ந்தது. தமிழ்நாட்டில் அப்போது மாதிரிகளைப் பரிசோதித்த முதன்மை நிலையம் சென்னை கிண்டியிலுள்ள கிங் நிலையம் ஆகும். பிற்காலத்தில் மதுரை மருத்துவக் கல்லூரியிலும் தீநுண்ம ஆய்வகம் அமைந்தது. 1954-இல் தொடங்கப்பட்ட இக்கல்லூரியுடன் இணைந்த அரசு இராசாசி மருத்துவமனையே தென் மாவட்டங்களிலிருந்து கடுமையான நோயாளிகள் அனுப்பப்படும் இடம். 2018-ஆம் ஆண்டு அக்டோபர், நவம்பர் மாதங்களில் மதுரை உள்ளிட்ட தென் மாவட்டங்களில் எச்1 என்1 பரவியபோது அங்கு தனிச் சிகிச்சைப் பிரிவு இயங்கியது, உயிரிழப்புகளும் நேர்ந்தன.

"பன்றிக் காய்ச்சல்" என்ற பெயர் இன்றும் வழக்கில் உள்ளது. உண்மையில் 2009-இன் எச்1 என்1 தீநுண்மம் பல ஆண்டுகளாக மனிதரிடையே ஆண்டுதோறும் பரவும் பருவகாலத் தீநுண்மங்களுள் ஒன்றாகிவிட்டது. பன்றிக்கும் மதுரைத் தெருவில் பரவும் காய்ச்சலுக்கும் நேரடித் தொடர்பு ஏதும் இல்லை.

தடுப்பூசி உருவாக்கும் பாதுகாப்பு

இன்ஃபுளுவென்சா தீநுண்மத்தின் மேற்பரப்பில் ஈமக்குளூட்டினின், நியூரமினிடேசு என்னும் இரு புரதங்கள் முள்போல் நீட்டிக்கொண்டிருக்கும். மனித உயிரணுவைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழையத் தீநுண்மத்துக்கு உதவுவது ஈமக்குளூட்டினின். எச்1 என்1 என்ற பெயரில் உள்ள எழுத்துகள் இவ்விரு புரதங்களின் வகைகளைக் குறிப்பவை. வழக்கமான செயலிழக்கச் செய்த தடுப்பூசியில் ஒவ்வொரு தீநுண்ம வகைக்கும் 15 மைக்ரோகிராம் ஈமக்குளூட்டினின் இருக்கும். அதில் உயிருள்ள தீநுண்மம் இல்லை. எனவே அதனால் இன்ஃபுளுவென்சா உண்டாக இயலாது. ஊசிக்குப் பின் ஓரிரு நாள் வரும் உடல்வலியும் இலேசான காய்ச்சலும் நோய் எதிர்ப்பாற்றல் முறைமை விழித்துக்கொண்டதன் அறிகுறிகளே.

உடலினுள் சென்ற இப்புரதத்தை அடையாளம் கண்ட பி-உயிரணுக்கள் பெருகிப் பிறபொருளெதிரிகளைச் சுரக்கின்றன. இதற்கு ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். இங்கு நுட்பமான ஒரு செய்தி உண்டு. தசையில் இடப்படும் ஊசி குருதியில் ஓடும் பிறபொருளெதிரிகளையே மிகுதியாக உருவாக்குகிறது. மூக்கு, தொண்டை ஆகியவற்றின் சளிப்படலத்தைக் காக்கும் ஐஜிஏ வகைப் பிறபொருளெதிரிகள் குறைவாகவே தோன்றுகின்றன. ஆகவே தீநுண்மம் மூக்கில் குடியேறுவதைத் தடுப்பூசி பல வேளைகளில் தடுப்பதில்லை. குருதியோட்டம் மிகுந்த நுரையீரலின் அடிப்பகுதிக்கு அது இறங்குவதைத் தடுப்பதில்தான் கூடுதலாகப் பயன்படுகிறது. தடுப்பூசி இட்டவருக்குச் சளியும் காய்ச்சலும் வந்து ஓரிரு நாளில் தணிந்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூக்கில் தெளிக்கப்படும் வலுக்குறைந்த உயிருள்ள தடுப்பு மருந்து இக்குறையை ஓரளவு ஈடு செய்வது. புனேயிலுள்ள சீரம் நிறுவனம் 2010-ஆம் ஆண்டு சூலையில் வெளியிட்ட நாசோவாக் இவ்வகையினது. அதற்கு முந்திய மாதம் அகமதாபாத்தின் சைடசு காடிலா நிறுவனம் வெளியிட்ட வாக்சிஃபுளூ-எசு, செயலிழக்கச் செய்த வகையைச் சேர்ந்தது.

தடுப்பூசிக்கும் பரவும் தீநுண்மத்துக்கும் பொருத்தம் நன்றாக அமைந்த ஆண்டுகளில், மருத்துவரை நாடவேண்டிய அளவிலான இன்ஃபுளுவென்சாவின் வாய்ப்பு 40 முதல் 60 விழுக்காடு வரை குறைகிறது. தட்டம்மைத் தடுப்பூசியோடு ஒப்பிட்டால் இது குறைவான அளவுதான். இதை மறைக்க வேண்டியதில்லை. எனினும், தடுப்பூசி இட்டும் மருத்துவமனையில் சேர நேர்ந்தவர்களை இடாதவர்களோடு ஒப்பிட்ட ஆய்வுகள் பல, முன்னவரிடையே தீவிரச் சிகிச்சைத் தேவையும் உயிரிழப்பும் குறைவாக இருப்பதைக் கண்டன.

கடும் நோயில் நிகழ்வது

தீநுண்மம் நுரையீரலின் காற்று நுண்ணறைகளை அடைந்ததும் அங்குள்ள மேலணி உயிரணுக்களுக்குள் புகுந்து பெருகத் தொடங்குகிறது. உயிரணுவினுள் உள்ள உணரிப் புரதங்கள் அயல் ஆர்.என்.ஏ.வைக் கண்டுகொண்டு இண்டர்பெரான் என்னும் எச்சரிக்கைப் புரதத்தை வெளியிடச் செய்கின்றன. அண்டை உயிரணுக்கள் இதைப் பெற்றுத் தம் கதவுகளை அடைத்துக்கொள்ளும். தீநுண்மத்தின் என்.எசு.1 என்னும் புரதமோ இவ்வெச்சரிக்கையை அமுக்கும் வேலையைச் செய்கிறது. முதல் இரண்டு மூன்று நாட்களில் இப்போட்டியில் யார் முந்துகிறார் என்பதே நோயின் போக்கைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

இண்டர்பெரான் பிந்திவிட்டால் தீநுண்மத்தின் எண்ணிக்கை பெருகிவிடும். பின்னர் வரும் பெருவிழுங்கி உயிரணுக்களும் நடுவமைநாடிகளும் பெருந்திரளாக நுரையீரலுக்குள் நுழைகின்றன. இன்டர்லியூக்கின்-6, கட்டி நசிவுக் காரணி முதலிய சைட்டோக்கைன்கள் அளவு மீறிச் சுரக்கின்றன. நுண்குழாய்ச் சுவர்கள் கசிந்து, காற்று நிற்க வேண்டிய நுண்ணறைகளில் நீர் நிறைகிறது. இதுவே கடும் மூச்சுத்திணறல் நோய்த்தொகை. இந்நிலையைச் "சைட்டோக்கைன் புயல்" என அழைப்பதுண்டு. அச்சொல் நோய் எதிர்ப்பாற்றல் காரணமின்றிக் கட்டவிழ்ந்து போனதுபோல் ஒரு தோற்றத்தைத் தருகிறது. வியட்நாமில் எச்5 என்1 பறவைக் காய்ச்சல் நோயாளிகளிடம் செய்யப்பட்டு 2006-இல் வெளியான ஆய்வு, சைட்டோக்கைன்கள் மிக உயர்ந்திருந்தவர்களிடம் தீநுண்மத்தின் அளவும் மிக உயர்ந்திருந்ததைக் காட்டியது. அதாவது புயலுக்குப் பின்னால் பெரும்பாலும் அடக்கப்படாத தீநுண்மம் இருக்கிறது. அழற்சியை மட்டும் அடக்கித் தீநுண்மத்தை விட்டுவைப்பது ஆபத்தாக முடியலாம். இன்ஃபுளுவென்சா நுரையீரல் அழற்சியில் இயக்க ஊக்கிமருந்துகளை (இசுடீராய்டுகளை) வழக்கமாகக் கொடுப்பதில் மருத்துவர்கள் தயங்குவதற்கு இது ஒரு காரணம்.

நோய் தணியும் வேளையில் வேறோர் இடர் காத்திருக்கிறது. தீநுண்மத்தை எதிர்க்கச் சுரக்கும் காமா இண்டர்பெரான், பாக்டீரியாக்களை விழுங்கும் நுண்ணறைப் பெருவிழுங்கிகளின் திறனைக் குறைப்பதாக எலிகளில் செய்த ஆய்வுகள் கண்டன. இவ்விடைவெளியில் நிமோனியா பாக்டீரியா நுரையீரலைப் பற்றுகிறது. 1918-இல் பம்பாய்த் துறைமுகம் வழியாகப் புகுந்து இந்தியாவில் 1 கோடிக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட பெருந்தொற்றில், இறந்தவர்கள் பலருக்கும் இத்தகைய இரண்டாம் தொற்றே முடிவைக் கொணர்ந்ததாகக் கருதப்படுகிறது.

தடுப்பூசி இட்டவருக்கும் நோய் முற்றுவது ஏன்

எளிய காரணங்கள் முதலில். ஊசி இட்டு இரண்டு வாரங்கள் முடியுமுன் தொற்று ஏற்படலாம். ஊசிக்குப் பின் மாதங்கள் செல்லச் செல்லப் பிறபொருளெதிரிகளின் அளவு குறைகிறது. ஏப்ரலில் ஊசி இட்ட ஒருவர் மதுரையின் நவம்பர் மழையில் நோயைச் சந்திக்கும்போது பாதுகாப்பின் ஒரு பகுதி கரைந்திருக்கும். முதன்முறையாக இட்டுக்கொள்ளும் 9 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசிகள் தேவை. ஒன்றோடு நிறுத்திவிடுவது அரைகுறைப் பாதுகாப்பே.

முதுமையில் புதிய பி-உயிரணுக்களும் டி-உயிரணுக்களும் உருவாவது குறைகிறது. இதனால் 65 வயதைக் கடந்தோருக்கு நான்கு மடங்கு ஈமக்குளூட்டினின் கொண்ட தடுப்பூசிகள் சில நாடுகளில் பயன்படுகின்றன. நீரிழிவு, சிறுநீரக நோய், நாட்பட்ட நுரையீரல் நோய் ஆகியவை உள்ளோர், உறுப்பு மாற்றம் செய்துகொண்டோர், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர் ஆகியோருக்கு நோய் முற்றும் வாய்ப்பு கூடுதல். உடற்பருமன் உள்ளோரிடம் வியப்பான ஒரு செய்தி காணப்பட்டது: ஊசிக்குப் பின் போதிய பிறபொருளெதிரிகள் இருந்தும், அவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காக இருந்ததாக 2017-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று கூறியது. குருதியில் அளக்கப்படும் பிறபொருளெதிரி மட்டுமே பாதுகாப்பின் அளவுகோல் அன்று என்பதை இது காட்டுகிறது; டி-உயிரணுக்களின் செயற்பாடும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும். செயலிழக்கச் செய்த தடுப்பூசி கொல்லும் டி-உயிரணுக்களைக் குறைவாகவே தூண்டுகிறது.

வேறு சிலருக்குப் பிறவியிலேயே இண்டர்பெரான் வழித்தடத்தில் மரபணுக் குறை உள்ளது. தம் சொந்த இண்டர்பெரானையே தாக்கும் பிறபொருளெதிரிகளைச் சிலரது உடல் உருவாக்கிவிடுகிறது. இன்ஃபுளுவென்சாவினால் கடும் நுரையீரல் அழற்சி கண்டோரில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினரிடம் இத்தகையவை இருந்ததாக 2022-இல் வெளியான ஆய்வு கண்டது. நலமாக இருந்த இளைஞர் ஒருவர் திடீரெனக் கவலைக்கிடமாவதற்கு இத்தகைய மறைந்த காரணங்கள் பின்னணியாக இருக்கக்கூடும்.

முதற் தொற்றின் நிழல்

மிகவும் சுவையான காரணம் நோய் எதிர்ப்பாற்றலின் நினைவில் உள்ளது. ஒருவர் குழந்தைப் பருவத்தில் முதன்முதல் சந்தித்த இன்ஃபுளுவென்சா வகையை அவரது உடல் வாழ்நாள் முழுதும் நினைவிற் கொள்கிறது. பின்னாளில் சற்று மாறிய தீநுண்மமோ தடுப்பூசியோ வரும்போது, புதிய பகுதிகளுக்கு எதிராகப் புதிதாகக் கற்பதை விட, பழைய நினைவிலுள்ள பகுதிகளுக்கு எதிரான பிறபொருளெதிரிகளையே அது விரைந்து உருவாக்குகிறது. அமெரிக்க அறிஞர் தாமசு பிரான்சிசு 1960-இல் இதற்கு "மூலப் பிறபொருளெதிரியாக்கிப் பாவம்" எனச் சமயச் சாயலுள்ள பெயரைச் சூட்டினார். இப்போது "முதற்பதிவு" என்னும் பொருள் தரும் சொல் மிகுதியாக ஆளப்படுகிறது; அதுவே நடுநிலையானது, ஏனெனில் இந்நினைவு பல வேளைகளில் நன்மையும் செய்கிறது.

இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு எச்1 என்1 தீநுண்மத்தின் வரலாற்றிலேயே உள்ளது. இருபது ஆண்டுகள் மறைந்திருந்த எச்1 என்1 வகை 1977-இல் மீண்டும் பரவியது. அப்போதைய தீநுண்மத்தின் ஈமக்குளூட்டினினில் 166-ஆவது இடம் வெளிப்படையாக இருந்தது. 1980-களின் நடுவில் சர்க்கரை மூலக்கூறு ஒன்று அவ்விடத்தை மூடிக்கொண்டது. எனவே அதற்கு முன் தொற்றுக்கு உள்ளானவர்களிடம் மட்டும் 166-ஆவது இடத்தைக் குறிவைக்கும் நினைவு தங்கியது. 2009-இன் புதிய தீநுண்மத்தில் அவ்விடம் மீண்டும் திறந்திருந்தது. ஆகவே 1965-க்கும் 1979-க்கும் இடையே பிறந்தோர் பலரின் உடல், 2009-க்குப் பின் ஏற்பட்ட தொற்றுக்கும் தடுப்பூசிக்கும் மறுமொழியாக, தன் ஆற்றலில் பெரும்பகுதியை அந்த ஓரிடத்தின் மேலேயே குவித்தது. 2013-14 பருவத்தில் பரவிய தீநுண்மங்களில் சரியாக அவ்விடமே மாறியிருந்தது. வட அமெரிக்காவில் அப்பருவத்தில் நடுவயதினர் வழக்கத்துக்கு மாறாகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டதற்கு இது ஒரு காரணமென 2014-இல் வெளியான ஆய்வு விளக்கியது.

தடுப்பூசிக்கான தீநுண்மங்களைத் தேர்ந்தெடுக்கும் முறை இம்மாற்றத்தைக் காணத் தவறியது. அம்முறையில் முன்பு இன்ஃபுளுவென்சாவே கண்டிராத பெரட் என்னும் உயிரியின் குருதிநீர் பயன்படுத்தப்பட்டது. பழைய நினைவு ஏதுமில்லாத அவ்வுயிரிக்கு 2009-இன் தீநுண்மமும் 2013-இன் தீநுண்மமும் ஒன்றாகவே தோன்றின. நாற்பது வயது மனிதருக்கு அவை ஒன்றல்ல. முதலில் பழைய எச்1 என்1 வகையையும் பின்னர் 2009-இன் வகையையும் தொற்றச் செய்த பெரட்டுகளில்தான் மனிதரிடம் கண்ட குறை வெளிப்பட்டது.

2010 முதல் தடுப்பூசியில் இருந்துவந்த கலிபோர்னியா 2009 வகை, தென் அரைக்கோளத்தின் 2017-ஆம் ஆண்டுத் தடுப்பூசியில்தான் மிச்சிகன் 2015 வகையால் மாற்றப்பட்டது. இந்தியாவில் 2015-இல் ஏறத்தாழ 42,000 பேருக்கும் 2017-இல் ஏறத்தாழ 38,800 பேருக்கும் எச்1 என்1 உறுதி செய்யப்பட்டது. உயிரிழப்புகள் முறையே 2,900-க்கும் 2,200-க்கும் மேல். இவ்வுயிரிழப்புகளைத் தடுப்பூசியின் பொருத்தமின்மையின் கணக்கில் எழுதுவது தவறாகும். இந்தியாவில் இன்ஃபுளுவென்சா தடுப்பூசி இட்டுக்கொள்வோர் மிகச் சிலரே. அனைவருக்குமான தடுப்பு மருந்துத் திட்டத்தில் அது இடம்பெறவில்லை.

தடுப்பூசியே நோயைக் கடுமையாக்குமா

இவ்வையத்தைப் புறந்தள்ளிவிட முடியாது. தடுப்பூசி வரலாற்றில் அதற்கு உண்மையான அடிப்படை உண்டு. 1966-67-இல் அமெரிக்காவில் ஆர்.எசு.வி. என்னும் வேறொரு சுவாசத் தீநுண்மத்துக்கு எதிராக, பார்மலினால் செயலிழக்கச் செய்த தடுப்பூசி குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது. பின்னர் இயற்கைத் தொற்றுக்கு ஆளான தடுப்பூசிக் குழந்தைகளில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் மருத்துவமனையில் சேர நேர்ந்தது, இருவர் இறந்தனர். தீநுண்மத்தைப் பற்றிக்கொள்ளும், ஆனால் முடக்காத பிறபொருளெதிரிகளும், பிறழ்ந்த டி-உயிரணு மறுமொழியும் இதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன.

இன்ஃபுளுவென்சாவில் இதையொத்த விளைவு பன்றிகளில் சோதனை முறையில் காணப்பட்டது. எச்1 என்2 வகைத் தடுப்பூசி இட்ட பன்றிகளுக்குப் பின்னர் 2009-இன் எச்1 என்1 தீநுண்மம் தொற்றச் செய்யப்பட்டபோது, ஊசி இடாத பன்றிகளை விட அவற்றின் நுரையீரல் கூடுதலாகச் சேதமடைந்தது. தடுப்பூசி தோற்றுவித்த சில பிறபொருளெதிரிகள் தீநுண்மம் உயிரணுவோடு இணைவதைத் தடுக்காமல் எளிதாக்கியதாக 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது. முழுத் தீநுண்மமும் துணையூக்கியும் கொண்ட, வகை பொருந்தாத தடுப்பூசியில் இவ்விளைவு தோன்றியது. மனிதரிடம் பயன்படும் பருவகாலத் தடுப்பூசிகளில் இது நிறுவப்படவில்லை.

மனிதரைப் பற்றிய செய்தி கனடாவிலிருந்து வந்தது. 2008-09-இல் பருவகாலத் தடுப்பூசி இட்டோருக்கு 2009-இன் எச்1 என்1 காய்ச்சல் வரும் வாய்ப்பு 1.4 முதல் 2.5 மடங்கு வரை கூடியிருந்ததாக அங்குள்ள ஆய்வுகள் 2010-இல் தெரிவித்தன. ஆனால் நோயுற்றவர்களிடையே மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு கூடவில்லை. வேறு நாடுகளின் ஆய்வுகள் பலவற்றில் இத்தொடர்பே காணப்படவில்லை. ஆய்வு முறையின் சாய்வா, உண்மையான உயிரியல் விளைவா என்பது முழுதும் தீரவில்லை.

2009-இல் நடுவயதினர் சிலரிடம் நோய் முற்றியதற்கு வேறொரு விளக்கம் உண்டு. இறந்தோரின் நுரையீரல்களில் பிறபொருளெதிரியும் தீநுண்மப் புரதமும் பிணைந்த திரள்கள் படிந்து, குறைநிரப்பிப் புரதங்களைத் தூண்டியிருந்ததை 2011-இல் வெளியான ஆய்வு கண்டது. அப்பிறபொருளெதிரிகள் முந்தைய ஆண்டுகளின் பருவகாலத் தீநுண்மங்களால் உருவானவை. புதிய தீநுண்மத்தோடு தளர்வாக ஒட்டினவேயன்றி அதை முடக்கவில்லை. பொருந்தா நினைவு இடர் தரக்கூடும் என்றால், அதைத் தருவதில் இயற்கைத் தொற்றும் விலக்கன்று.

எண்ணிக்கையைப் படிப்பதில் உள்ள பிழையும் ஐயத்தை வளர்க்கிறது. 1,000 பேர் வாழும் ஊரில் 900 பேர் தடுப்பூசி இட்டதாகக் கொள்வோம். ஊசி இடாத 100 பேரில் 10 பேர் நோயுறுகின்றனர். தடுப்பூசி நோயைப் பாதியாகக் குறைத்தால், இட்ட 900 பேரில் 45 பேர் நோயுறுவர். மருத்துவமனை வாயிலில் நிற்பவர் 55 நோயாளிகளில் 45 பேர் ஊசி இட்டவர் என்று காண்பார். ஊரைச் சுற்றிப் பார்த்தவருக்கே 45 பேரின் நோய் தவிர்க்கப்பட்டது தெரியும்.

சிகிச்சை

தடுப்பூசி இட்டிருப்பது இன்ஃபுளுவென்சா இல்லை என்பதற்குச் சான்றாகாது. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம், நீலம் பாரித்த உதடு, குழந்தை உணவை மறுத்துச் சோர்ந்து கிடத்தல் ஆகியவை இருப்பின் ஊசி இட்டவரும் உடனே மருத்துவமனையை நாட வேண்டும். ஒசெல்ட்டமிவிர் மாத்திரை தீநுண்மத்தின் நியூரமினிடேசைத் தடுப்பது. அறிகுறி தோன்றி 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் மிகுந்த பயன் தரும். 2009-இல் குறிப்பிட்ட மருந்தகங்களில் மட்டும் கிடைத்த இம்மருந்து, 2017-இல் விதிகள் தளர்த்தப்பட்ட பின், மருத்துவர் சீட்டுடன் பரவலாகக் கிடைக்கலாயிற்று. இந்திய அரசின் வழிகாட்டல் நோயாளிகளை அ, ஆ, இ என மூன்றாக வகுக்கிறது. இலேசான காய்ச்சல் உள்ள முதல் வகையினருக்குப் பரிசோதனையும் தேவையில்லை. மூன்றாம் வகையினர் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுச் சிகிச்சை பெற வேண்டியவர்கள்.

காய்ச்சல் காலங்களில் தமிழ்நாட்டில் நிலவேம்புக் குடிநீர் பரவலாக வழங்கப்படுகிறது. அது தடுப்பூசிக்கோ ஒசெல்ட்டமிவிருக்கோ மாற்றாக நிறுவப்பட்டதன்று.

கருவுற்ற பெண்களுக்கு இடப்படும் ஊசியால் உருவாகும் பிறபொருளெதிரிகள் நச்சுக்கொடி வழியே குழந்தைக்குச் செல்கின்றன. 6 மாதம் நிரம்பாத குழந்தைக்கு இன்ஃபுளுவென்சா தடுப்பூசி இட முடியாது என்பதால், அவ்வயதில் அதற்குக் கிடைக்கும் பிறபொருளெதிரி தாயிடமிருந்து வருவதே.